தீபாவளிப் பலகாரம்: சுடுவதா, சொல்லி வைப்பதா, ஊருக்கே போய்விடுவதா?

திருப்பூரில் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் எங்கள் ஆபீஸில் யாரும் லீவு கேட்பதில்லை. நான் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அது போனஸ் கணக்குப் போடும் காலம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருஷம் முழுக்க எத்தனை நாள் வேலை, மொத்தக் கூலி எவ்வளவு, அதில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் எவ்வளவு, பேசி முடித்தபடி அதற்கு மேல் எவ்வளவு, அட்வான்ஸ் வாங்கியிருந்தால் எவ்வளவு கழிப்பது என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்து முடிக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு வீட்டில் துணி எடுக்கும் நாள் தள்ளிப்போகும். அதனால் அந்த வேலையில் அவசரப்பட முடியாது.

ராத்திரி எட்டரைக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தெருவில் எங்கிருந்தாவது முறுக்கு சுடும் வாசனை வரும். 'நாம இன்னும் அரிசிகூட ஊறப்போடலையே' என்று மனசு பதறும். எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. கல்யாணமான பதினான்கு வருஷத்தில் தீபாவளிக்கு என்னென்ன வழி உண்டோ எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் வீட்டில் சுட்டது, எல்லாவற்றையும் கடையில் வாங்கியது, பலகாரம் போடும் அக்காவிடம் சொல்லி வைத்தது, அக்கம்பக்கம் சேர்ந்து சுட்டது, அம்மா வீட்டுக்குப் போனது. எந்த வழியில் உண்மையிலேயே நேரம் மிச்சமாகிறது, எதில் மிச்சமாவதுபோலத் தோன்றுகிறது என்று வேலைக்குப் போகும் மற்ற அம்மாக்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ரொம்ப வருஷம் நான் மணிக்கணக்கைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேன். முறுக்குக்கு இரண்டரை மணி நேரம், அதிரசத்துக்கு அரை நாள் என்று. அந்தக் கணக்கு உதவவில்லை. நமக்குக் கிடைப்பது ராத்திரியில் முக்கால் மணி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம், இப்படித் துண்டு துண்டாகத்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வேலை பாதியில் விட்டால் காத்திருக்குமா, காத்திருக்காதா? காத்திருக்கும் வேலையை எவ்வளவு பெரியதானாலும் நாம் முடித்துவிடலாம். காத்திருக்காத வேலை அரை மணி நேரம்தான் என்றாலும் நம்மைக் கட்டிப்போட்டுவிடும். இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் கீழே எல்லாவற்றையும் பார்க்கிறேன்.

வீட்டிலேயே சுடுவது

நான் மதுரைப் பக்கம். எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் அதிரசம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் வேட்டி விரித்து உலர்த்த வேண்டும். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. அந்தப் பக்குவத்தில் மாவு மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து, சலித்து, ஈரம் காயும் முன்னால் பாகு வைத்துவிட வேண்டும். வெல்லப் பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் உருண்டு வர வேண்டும். அந்தப் பதம் அரை நிமிஷம் தாண்டினாலும் அதிரசம் கல்லாகிவிடும்.

ஒரு வருஷம் சரியாக அந்த நேரத்தில் ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஒரு லைனில் வேலை செய்யும் இருபது பேருடைய வருகைப் பதிவு கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்றார்கள். இரண்டு நிமிஷம்கூடப் பேசியிருக்க மாட்டேன். திரும்பி வந்தபோது பாகு முற்றிவிட்டது. இரண்டு கிலோ மாவு. அம்மா வீட்டிலிருந்து பழகிய கை, பதம் தெரியாமல் இல்லை. பாகு எனக்காகக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே அதிரசத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. பாகு ஊற்றிக் கிளறிவிட்டால், அந்த மாவைப்போலப் பொறுமையானது வேறு எதுவும் இல்லை. மேலே கொஞ்சம் நெய் தடவித் தூக்கில் போட்டு மூடிவைத்தால் மூன்று நாளில் பக்குவமாகும், இரண்டு வாரம் வரைக்கும் அப்படியே இருக்கும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி தட்டிப் போட்டு எடுக்க அரை மணி நேரம். அதனால் அதிரசம்தான் வேண்டும் என்கிறவர்கள் ஒரே ஒரு ஞாயிறு காலையைத் தனியாக எடுத்து வைத்து, அன்றைக்கு போனை இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். மழைக்காலம் வேறு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அரிசி நிழலில் உலராமல் சொதசொதவென்று இருக்கும். மழை பிடிக்கும் முன்னாலேயே முடித்தால் நல்லது. மாவு மில்லிலும் அப்போது வரிசை இருக்காது. கடைசி வாரம் போனால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், முன்னால் போனவர் மிளகாய் அரைத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

முறுக்கு இதற்கு நேர் எதிர். மாவு பிசைந்தபின் காத்திருக்காது, எண்ணெய் காய்ந்தபின் காத்திருக்காது. ஒரு கிலோ மாவுக்கு, பிசைவதிலிருந்து அடுப்படி துடைப்பது வரை தனியாளாக இரண்டரை மணி நேரம் ஆகிறது. ஒருவர் பிழிய, ஒருவர் திருப்பி எடுக்க என்று இரண்டு பேர் இருந்தால் பாதியாகக் குறையும். வேலை நாள் ராத்திரியில் தனியாக முறுக்குச் சட்டி வைப்பதை நான் விட்டுவிட்டேன். தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் ஒரு லிட்டர் கொதிக்கும் எண்ணெயின் முன்னால் நிற்பது ஆபத்து. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. என் முழங்கையில் தழும்பு இருக்கிறது.

வேலை நாள் ராத்திரிக்கென்றே இருக்கிற பலகாரங்களும் உண்டு. மாலாடுதான் அதில் முதலாவது. பொட்டுக்கடலையை லேசாக வறுத்து மிக்ஸியில் பொடித்து, சர்க்கரையும் ஏலக்காயும் பொடித்துச் சேர்த்து, முந்திரி வறுத்த நெய்யைச் சூடாக ஊற்றி உருட்ட வேண்டியதுதான். முப்பது நிமிஷம். நடுவில் சின்னவனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கப் போனாலும் ஒன்றும் ஆகாது. மாவைப் பொடித்து டப்பாவில் வைத்துவிட்டு மறுநாள்கூட உருட்டலாம். ரவா லாடும் அப்படித்தான். தீபாவளி லேகியத்தையும் இந்த வகையில் சேர்ப்பேன். நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் அளவாகப் போட்டுத் தீபாவளி மருந்துச் சாமான் என்றே பொட்டலம் கட்டித் தருகிறார்கள். வறுத்துப் பொடித்து, வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளற முக்கால் மணி நேரம். ஒன்றிரண்டு வாரம் முன்னாலேயே செய்து வைக்கலாம். பூந்தி லட்டு, மைசூர்பாகு இரண்டையும் வேலைக்குப் போகிறவர்கள் தயங்காமல் வெளியில் வாங்கலாம். இரண்டுமே காத்திருக்காத பலகாரங்கள்.

கடையில் வாங்குவது

நேரம் மிச்சமாவது போலத் தோன்றும் வழி இதுதான். உண்மையில் மிச்சமாகிறதா என்பது எப்போது போகிறோம் என்பதைப் பொறுத்தது. தீபாவளிக்கு முந்தின நாள் சாயந்திரம் இனிப்புக் கடைக்குப் போனால், பார்க்கிங்கில் கால் மணி, டோக்கனுக்கு அரை மணி, பில்லுக்குக் கால் மணி. கையில் பிள்ளை இருந்தால் அதற்கு மேல். அந்த நேரத்தில் வீட்டில் இரண்டு ஈடு மாலாடு உருட்டியிருக்கலாம். நெய்ப் பலகாரமும் காரமும் வாங்குவதென்றால் நான்கு நாள் முன்னால், வேலை நாளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்விடுங்கள். பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம். பால் இனிப்பு மட்டும் அன்றன்றைக்கு வாங்க வேண்டியது. அது வேண்டவே வேண்டாம் என்று எங்கள் வீட்டில் முடிவு செய்துவிட்டோம்.

தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் 'எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும்' என்று எழுதி வைப்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியது. பல பேர் பார்ப்பதில்லை. பார்த்து வாங்குங்கள், எழுதவில்லை என்றால் கேளுங்கள். காரத்துக்கு நாக்குத்தான் சோதனை. ஒரு வருஷம் ஒரு கடையில் இரண்டு கிலோ மிக்சர் வாங்கி, அவசரத்தில் வாயில் போட்டுப் பார்க்காமல் வந்துவிட்டேன். வீட்டில் பிரித்தால் எண்ணெய்க் காறல். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் தொண்டையில் ஒரு பிசுபிசுப்பை விட்டுவிட்டுப் போகும். அதைப் பிள்ளைகளுக்கும் கொடுக்க மனசு வரவில்லை, அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க மனசு வரவில்லை. ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடையில் கிடைக்காத ஒன்றும் உண்டு. தீபாவளிக்கு முன்னால் பத்து நாள் வீட்டில் ஒரு வாசனை இருக்கும். எல்லாவற்றையும் கடையில் வாங்கிய வருஷம் என் மகள், "அம்மா, நம்ம வீட்ல தீபாவளி இன்னும் வரலையா?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியால்தான் இந்தக் கணக்கையெல்லாம் போட ஆரம்பித்தேன்.

சொல்லி வைப்பது

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அக்கா ஆர்டர் எடுத்துப் பலகாரம் போடுகிறார். முறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா, ஓமப்பொடி. கூட நான்கு பெண்கள். வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் ஓடும், தீபாவளிக்கு முன்னால் இருபது நாள் அடுப்பு அணையாது. கடையை விட விலை கொஞ்சம் குறைவு, எண்ணெய் புதுசு, கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில் காரத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. காத்திருக்காத வேலையை, அதையே தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

இதில் செய்ய வேண்டியதைச் சீக்கிரம் செய்ய வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் ஆர்டரை மூடிவிடுவார்கள். ஆயுத பூஜை முடிந்த மறுநாளே சொல்லிவிடுவது என் வழக்கம். ஆயுத பூஜையிலிருந்து தீபாவளிக்கு ஏறக்குறைய இருபது நாள் இருக்கும். எத்தனை கிலோ, எந்த எண்ணெய், எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று மூன்றையும் பேசிப் பாதிப் பணம் கொடுத்துவிட வேண்டும். புதிதாக ஒருவரிடம் வாங்குகிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்கிறாரா, அந்த 14 இலக்க எண் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் தடவை கால் கிலோ வாங்கிப் பார்த்துவிட்டுப் பெரிய ஆர்டர் சொல்லுங்கள். வாங்கி வந்ததும் எவர்சில்வர் டின்னில் போட்டு இறுக்கி மூடிவிட வேண்டும். மழை நாளில் பாலித்தீன் பையில் விட்டால் இரண்டே நாளில் நமத்துப்போகும்.

போன தடவை வாங்கப் போனபோது அந்த அக்காவிடம் "உங்க வீட்டுக்கு எப்பக்கா சுடுவீங்க?" என்று கேட்டேன். "கடைசி ஆர்டர் போனதுக்கப்புறம் மிச்ச மாவு இருக்குமே கண்ணு, அதுல சுட்டுக்குவேன்" என்றார். அவருக்கும் பத்தாவது படிக்கும் பையன் இருக்கிறான். அவரும் வேலைக்குப் போகும் அம்மாதான், வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது என்பதுதான் வித்தியாசம். நம் நேரம் மிச்சமாவது அவர் நேரத்தில்தான். அதற்கப்புறம் நான் அவரிடம் விலை பேசுவதில்லை. சொன்ன தேதிக்கு முன்னால் வந்து நிற்பதும் இல்லை.

மாதாமாதம் கட்டும் தீபாவளி பண்டு, பலகாரச் சீட்டு பற்றியும் ஒரு வார்த்தை. பலகாரம், மளிகை, பட்டாசு எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிடும், அலைச்சல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நேரில் தெரிந்த, பல வருஷமாகச் சொன்னபடி கொடுத்த ஆளிடம் மட்டும் கட்டுங்கள். எங்கள் பகுதியில் ஒருவர் பத்து மாதப் பணத்தோடு ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அதில் கட்டியிருந்தவர்களில் பாதிப் பேர் தையல் மெஷினில் உட்கார்ந்து சம்பாதிக்கிற பெண்கள்.

சேர்ந்து சுடுவது

முன்பு லைன் வீட்டில் குடியிருந்தபோது மூன்று வீடு சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடுவோம். ஒருவர் மாவு பிசைய, ஒருவர் பிழிய, ஒருவர் அடுப்பில். பகல் ஒரு மணிக்குள் ஐந்து கிலோ முடிந்துவிடும். பிள்ளைகள் உடைந்ததைத் தின்றுகொண்டே சுற்றுவார்கள். நேரமும் குறைவு, அலுப்பும் குறைவு. தனியாக இரண்டரை மணி நேரம் சுடுவதையும் மூன்று பேர் பேசிக்கொண்டு நான்கு மணி நேரம் சுடுவதையும் ஒப்பிட்டால், நான்கு மணி நேரம்தான் சுலபம்.

ஆனால் மூன்று பேருக்கும் ஒரே ஞாயிறு ஒழிய வேண்டும். திருப்பூரில் ஷிப்மென்ட் இருந்தால் ஞாயிறும் வேலை நாள். இன்னொன்று, யார் வீட்டு அடுப்படி என்பது. பெரிய அடுப்படி உள்ள வீடு என்று ஒரே வீட்டில் வருஷா வருஷம் வைத்தால், எண்ணெய்ப் பிசுக்குத் துடைப்பது வருஷா வருஷம் ஒரே ஆளாகிவிடும். மனஸ்தாபம் அங்கேதான் ஆரம்பிக்கும். வீடு மாறி மாறி வையுங்கள், துடைத்துவிட்டுத்தான் கலைவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. நான் இப்போது தனி வீட்டுக்கு வந்துவிட்டதால் எனக்கு அமைவதில்லை, அந்த ஞாயிறுகளை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஊருக்குப் போவது

அம்மா உசிலம்பட்டியில் இருக்கிறார். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரை, அங்கிருந்து இன்னொரு பஸ். சாதாரண நாளிலேயே பொழுது போய்விடும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி திருப்பூர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கு மாவட்டத்துக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் கிளம்புவோம். ரயில் என்றால் முன்பதிவு முன்பு 120 நாள் முன்னால் திறந்தது, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் 6 வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புவதென்றால் செப்டம்பர் 7 காலை எட்டு மணிக்கு டிக்கெட் போட உட்கார வேண்டும். காத்திருக்காத வேலைகளில் இதுதான் முதல்.

இந்த வழியைப் பற்றி நான் சொல்ல வேண்டியது டிக்கெட் அல்ல. நான்கு வருஷத்துக்கு முன்னால், போனஸ் பட்டுவாடா முடித்து, ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் போய், விடியற்காலை அம்மா வீட்டில் இறங்கினேன். அண்டாவில் அதிரசம், டின்னில் முறுக்கு, சீயக்காய் அரைத்தாயிற்று, வாசலில் கோலம் போட்டாயிற்று. எனக்கு வேலையே இல்லை. "நீ வந்ததே போதும்த்தா, உக்காரு" என்றார் அம்மா. காபி கொடுக்க நீட்டிய கையைப் பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வீங்கியிருந்தன. முறுக்கு அச்சை அழுத்தியது. அம்மாவுக்கு அப்போது 67 வயது. என் நேரத்தை நான் மிச்சம் பிடிக்கவில்லை, அம்மாவின் கைக்கு மாற்றிவிட்டிருக்கிறேன்.

அதற்காக ஊருக்குப் போகாதீர்கள் என்று சொல்லவே மாட்டேன். பிள்ளைகளுக்குப் பாட்டி கையால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைப் போல ஒரு தீபாவளி வேறு கிடையாது. ஊருக்குப் போகிற வருஷம் பலகாரம் நம் கையோடு போகட்டும். இரண்டு கிலோ முறுக்கைச் சொல்லி வைத்து வாங்கிப் பையில் எடுத்துப் போங்கள். "நான் கொண்டு வர்றேன், நீ சட்டி வைக்காத" என்று அம்மாவிடம் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லுங்கள். முதல் வருஷம் கோபித்துக்கொள்வார். இரண்டாம் வருஷம் சரி என்பார்.

வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார்

இதுவரை சொன்ன எல்லா வழியிலும் யோசிப்பவள் நானே. மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரியாக 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். 289 நிமிஷம் என்பது ஐந்து மணி நேரத்துக்குப் பதினோரு நிமிஷம் குறைவு. அது சாதாரண நாள் கணக்கு.

என் கணவர் எந்த வேலையையும் மறுக்கிறவர் இல்லை. "ஏதாச்சும் செய்யட்டுமா?" என்று கேட்பார். துணி எடுக்கும் வேலையை ஒரு வருஷம் கொடுத்தேன். அன்று மதியம் போனஸ் பட்டியலோடு உட்கார்ந்திருந்தபோது ஒன்பது தடவை போன் செய்தார். பாப்பாவுக்கு என்ன அளவு, எவ்வளவுக்குள்ள எடுக்கலாம், எங்க அம்மாவுக்குப் பருத்தியா பட்டா என்று. கடையில் நின்றது அவர், வேலை என் தலையிலேயே இருந்தது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து பேசினோம். அடுத்த வருஷத்திலிருந்து துணி என்றால் முழுக்கத் துணி. யார் யாருக்கு, என்ன அளவு, எவ்வளவு பணம், டெய்லரிடம் கொடுப்பது, வாங்கி வருவது எல்லாம் அவர். எனக்குப் பிடிக்காத நிறம் வந்தாலும் நான் வாய் திறப்பதில்லை, அது என் பங்கு. டெய்லர் மூன்று வாரத்துக்கு முன்னால் புதுத்துணி வாங்குவதை நிறுத்திவிடுவார் என்பதை முதல் வருஷம் தெரிந்துகொள்ளாமல் மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் எனக்கு முன்னால் அவருக்கே ஞாபகம் வந்துவிடுகிறது. மேலே சொன்ன எல்லா வழிகளையும் விட எனக்கு அதிக நேரம் தந்தது இந்த ஒன்றுதான்.

அத்தையையும் சொல்ல வேண்டும். கணவருடைய அம்மா, காங்கேயம் பக்கம். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிடுவார். கொங்குப் பக்கம் கச்சாயம் சுடுவார்கள். அரிசியை ஊறவைத்து, வெல்லம் சேர்த்துக் கெட்டியாக ஆட்டி, கரண்டியால் எண்ணெயில் ஊற்ற வேண்டியதுதான். பாகு பார்க்கும் பதற்றம் இல்லை. கல்யாணமான புதிதில் 'அதிரசம் இல்லாத தீபாவளியா' என்று எனக்கு மனசு ஆறவில்லை. பாகு முற்றிப்போன அந்த வருஷம் நான் அடுப்படியில் கண் கலங்கி நின்றபோது, அத்தை "உடு கண்ணு, கச்சாயம் சுட்டுக்கலாம்" என்று சொல்லி அன்றைக்கே அரிசி ஊறப்போட்டார். இப்போது எங்கள் வீட்டில் முந்தின ராத்திரி சுடுவது கச்சாயம்தான். அத்தை ஆட்டி வைப்பார், சுடுவது நானும் மகளும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

கைக்குழந்தை இருக்கிற வீடா? பலகாரத்தை முழுக்கச் சொல்லி வைத்து வாங்கிவிடுங்கள், ஒரு குற்ற உணர்ச்சியும் வேண்டாம். பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது வரும்போது மறுபடி சட்டி வைக்கலாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறவர்கள் என்றால் காரம் வெளியே, ஓர் இனிப்பு வீட்டில் என்பதுதான் என் சிபாரிசு. அந்த இனிப்பு பாதியில் விட்டாலும் கெடாததாக இருக்கட்டும், பிள்ளைகள் கை வைக்கக் கூடியதாக இருக்கட்டும். நர்ஸ், போலீஸ், பஸ் கண்டக்டர் என்று அன்றைக்கே டியூட்டி இருப்பவர்கள் பலகாரத்தில் நேரத்தைப் போடவே வேண்டாம். எங்கள் எதிர்வீட்டு அக்கா நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வருகிறவர் காலை எட்டரைக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எண்ணெய் தேய்க்கிறார். அந்த வீட்டில் தீபாவளி அப்போதுதான் பிறக்கிறது, தெருவில் யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

மற்றவர்களுக்குக் காலை நேரம் நெருக்கடிதான். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அரசு கொடுக்கும் நேரம் காலை ஆறு முதல் ஏழு, ராத்திரி ஏழு முதல் எட்டு. ஆறு மணிக்குப் பிள்ளைகள் புதுத்துணியோடு வாசலில் நிற்க வேண்டுமானால் நாலரைக்கு எண்ணெய் வைக்க வேண்டும். அதற்கு முந்தின ராத்திரி பத்து மணிக்காவது அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும். வீட்டைச் சுத்தம் செய்வதை ஆயுத பூஜையோடு முடித்துவிடுங்கள். அப்போது ஒட்டடை அடித்த பரணை இருபது நாளில் மறுபடி அடிக்க வேண்டியதில்லை.

2026-க்கு நான் போட்டிருக்கும் திட்டம் இதுதான். ஊருக்குப் போகவில்லை, அம்மாவை இங்கே கூப்பிட்டிருக்கிறேன். முறுக்கும் ஓமப்பொடியும் அந்த அக்காவிடம் மூன்று கிலோ. லேகியம் அக்டோபர் கடைசி ஞாயிறு. மாலாடு நவம்பர் 4, புதன் ராத்திரி, உருட்டுவது பிள்ளைகள். துணி கணவர். கச்சாயம் சனிக்கிழமை சாயந்திரம், அத்தையோடு அம்மாவும் உட்காருவார். அதிரசத்தை விட இது எப்படி நல்லது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும். தீபாவளிக்கு முன்னால் எனக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது. திங்களும் செவ்வாயும் எடுத்துக்கொள்கிறேன். ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி வரும்வரை எங்கள் கம்பெனியில் மெஷின் ஓடாது, யாரும் என்னைத் தேட மாட்டார்கள்.